ஆறு வெட்டுப் பாட்டு

எனக்கு முதலில் துரோகம் செய்தவன் பெயர் தேசப்பன். வலை பின்னுகிற கன்னியப்பனின் மூத்த மகன், பின்னால் உலகமெல்லாம் ‘எல் தேசா’ என்று கூப்பிட்டு விசிலடித்த பாட்டுக்காரன். என் தம்பி அரிகிருஷ்ணனைப் பட்டப்பகலில் காசிமேட்டு ஏலக்கூடத்தில் ஏழு இடத்தில் வெட்டிச் சாய்த்த நெத்திலி சேகரை நான் இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறேன். சேகர் என் குடும்பத்துக்குச் செய்தது அரை நிமிஷ வேலை. தேசப்பன் செய்தது பதினோரு வருஷம் நடந்தது. ஒரு நாளைக்கு ஐந்து தடவையும் பத்துத் தடவையும் நடந்தது, கல்யாணத்திலும் காதுகுத்திலும் நடந்தது, ஊரே கைதட்டி ஆட ஆட நடந்தது.

என் பெயர் துளசிங்கம். துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தம்பிக்கு ஏலம் கூவுகிற வேலை. அவன் கூவினால் தூரத்தில் நங்கூரம் போட்டிருக்கிற போட்டுக்காரன்கூடத் தன் மீன் என்ன விலைக்குப் போகிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துகொள்வான். ஒரு நாள் சேகர் கொண்டுவந்து கொட்டிய வஞ்சிரத்தைப் பார்த்து, இது மூன்று நாள் மீன், செவுளைத் திறந்து பாருங்கள் என்று ஏலத்துக்கு நடுவே கூவிவிட்டான். கூடமே சிரித்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு, அதே இடத்தில், நூறு கூடைக்காரிகள் பார்த்துக்கொண்டிருக்க, சேகர் அவனை வலது தோளில் ஒன்று, தடுத்த இடது கையில் ஒன்று, திரும்பி ஓடும்போது முதுகில் ஒன்று, விழுந்தபின் தொடையில் ஒன்று, காதைச் சேர்த்து ஒன்று, புரட்டிப் போட்டு வயிற்றில் ஒன்று, கடைசியாகக் கழுத்தில் ஒன்று என்று வெட்டினான். நான் இருபதடி தள்ளி ஐஸ் பார் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கால் நகரவில்லை. அதைப் பற்றி யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

எங்கள் குப்பத்தில் சாவுக்கு ஒரு முறை உண்டு. பிணம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கானா பாடுகிறவன் செத்தவன் பெயரைப் பாட்டில் வைத்துச் சொல்லிவிட வேண்டும். எப்படிச் செத்தான் என்பதையும் சொல்லவேண்டும். அப்போதுதான் போகிறவனுக்குத் தான் போவது தெரியும். தன் காயத்தைத் தானே எடுத்துக்கொண்டு போவான். பெயர் சொல்லாமல் அனுப்பிய பிணம் என்ன ஆகும் என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அதுவரை யாரும் அப்படி அனுப்பியதில்லை.

அந்தச் சமயத்தில் தேசப்பன் மரம் ஏற்றி வரும் கப்பலில் கட்டை இறக்குகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். பனாமாவிலிருந்து வந்த வில்மர் என்கிற கப்பல்காரன் அவனுக்கு ஒரு மெமரி கார்டு கொடுத்திருந்தான். அது முழுக்க அந்தப் பக்கத்து ராப் பாட்டு, ரெகேடான் பாட்டு. தும்-த-தும்-தக, தும்-த-தும்-தக என்று இடுப்பில் கயிறு கட்டி இழுக்கிற தாளம். பாஷை ஒரு எழுத்து புரியாமல் முந்நூறு பாட்டையும் தேசப்பன் மனப்பாடம் செய்தான். அந்த ஊரில் பாடுகிறவனெல்லாம் பெயருக்கு முன்னால் ‘எல்’ போட்டுக்கொள்கிறான் என்று கண்டுபிடித்து, அவனும் போட்டுக்கொண்டான். சட்டி மேளத்தைத் தள்ளிவைத்துவிட்டு, என் தம்பி சாவில்தான் அந்தத் தாளத்தை முதன்முதலாக ஸ்பீக்கரில் போட்டுக் கானா பாடினான்.

நன்றாகத்தான் பாடினான். அதை நான் மறைக்கமாட்டேன். அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்தாமலே தோளை அசைத்தார்கள். பாடை தூக்கியவர்கள் கால் தாளத்துக்கு மாறியது. முதல் வெட்டு வலது தோளு என்று அவன் ஆரம்பித்து, வரி முடிவில் செத்தவன் பெயர் வரவேண்டிய இடத்தில், துளசிங்கம் என்று என் பெயரைச் சொன்னான். என் வலது தோளில் சட்டை நனைந்தது. யாரோ கல்லெறிந்தார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வெட்டு இடது கை என்று பாடித் திரும்பவும் என் பெயரைச் சொன்னபோது கையில் தோல் வாய் திறப்பதைக் கண்ணால் பார்த்தேன். ஆறாவது வெட்டுவரை பாடினான். ஏழாவதுக்கு மூச்சு இழுக்கும்போது சேகரின் ஆட்கள் மாடியிலிருந்து சோடா பாட்டில்களை வீசினார்கள், கூட்டம் கலைந்தது, ஸ்பீக்கர் விழுந்து உடைந்தது. பாட்டு நின்றதும் என் காயங்கள் மூடிக்கொண்டன. ரத்தம் மட்டும் சட்டையில் இருந்தது. தம்பியின் பாடை பெயரில்லாமல் தெருமுனையைத் தாண்டியது.

காரியம் முடிந்தபின் டீக்கடையில் அவனைப் பிடித்தேன். ஏண்டா என் பேரைச் சொன்னாய் என்று கேட்டேன். வெட்கமேயில்லாமல் பன்னை டீயில் நனைத்துக்கொண்டே விளக்கம் சொன்னான்.

“அரி பேரு உக்காரல அண்ணாத்த. ‘அரிகிருஷ்ணன்’னு முழுசா இழுத்தா தாளம் நொண்டுது. வெறும் ‘அரி’ன்னு வெச்சா நடுவுல பள்ளம் விழுது. உன் பேரு பாரு, கும்முனு உக்காந்துச்சு. பொறந்ததே இந்தத் தாளத்துக்குத்தான் போல.”

பேர் உட்காரவில்லை என்றால் தாளத்தை மாற்றவேண்டியதுதானே என்றேன். மாற்றுகிறேன், ஒரு நாள் அரி பேரை வைத்தே பாடுகிறேன், இது என் அம்மா மேல் சத்தியம் என்றான். அதுதான் அவன் எனக்குப் பட்ட கடன். வேறெதுவும் நான் அவனிடம் கேட்டதில்லை.

ஆனால் அந்தச் சாவு ஊர்வலத்தை ஒருவன் போனில் படம் எடுத்திருந்தான். பத்து நாளில் அது புதுப்பேட்டை மெக்கானிக் கடைகளுக்குப் போனது, இருபது நாளில் மதுரைக்குப் போனது, சினிமாக் கம்பெனிக்காரன் தேசப்பனை ஏசி அறையில் உட்காரவைத்து அதே பாட்டை, அதே ஆறு வெட்டை, அதே என் பெயரை, சுத்தமாகப் பதிவு செய்தான். பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான். பாட்டு என் காதில் விழவேண்டியதில்லை. நான் இருக்கிற இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கே ஒலித்தாலும் போதும், தோள், கை, முதுகு, தொடை, காது, வயிறு என்று வரிசை தப்பாமல் திறந்து, பாட்டு முடிந்ததும் மூடிக்கொள்ளும். வலி மூடாது. அது அடுத்த பாட்டுவரைக்கும் இருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் தையல் போட உட்கார்ந்த டாக்டர் அம்மா, ஊசியில் நூல் கோப்பதற்குள் காயம் மூடிக்கொண்டதைப் பார்த்து, மூன்றாவது தடவையில், இனிமேல் வரவேண்டாம், இது மருந்துக்கு அடங்குகிற விஷயமில்லை, இரும்புச்சத்து மாத்திரை மட்டும் விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டார். ஸ்டேஷனில் ரைட்டர் பேனாவை மூடியே வைத்துக்கொண்டு பேசினார்.

“ஆயுதம் இன்னான்னு எழுதறது? பாட்டுன்னா? குத்தவாளி யாரு, பாடுனவனா, போட்டவனா, கேட்டு ஆடுனவனா? ஊர்ல பாதிப் பேரைத் தூக்கி உள்ள வெக்கணும் நைனா. என் பொண்ணு கூப்ட்டா என் போன்லயே அதான் ரிங்டோன்.”

சொல்லி முடிக்கவும் அவர் பெண் கூப்பிடவும் சரியாக இருந்தது. போனை எடுப்பதற்குள் மேஜையில் என் ரத்தம் விழுந்துவிட்டது. அவர் பழைய பேப்பரை எடுத்துத் துடைத்தார்.

ஊர் பழகிக்கொண்டது. முதல் ஆறு மாதம் இரக்கப்பட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரர்கள் என்னைக் கண்டால் பாட்டை அணைத்தார்கள். டீக்கடைக்காரர் எனக்கென்று ஒரு பழைய வேட்டியைக் கிழித்துத் துணியாக வைத்திருந்தார். என் மனைவி கஸ்தூரி வெள்ளைச் சட்டைகளையெல்லாம் தானம் கொடுத்துவிட்டு, கருஞ்சிவப்பில் பன்னிரண்டு சட்டை தைத்தாள். என் ஐஸ் இளஞ்சிவப்பாக ஆனதைப் பார்த்து மீன் வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பிறகு சிவந்த ஐஸில் வைத்த மீன் இரண்டு நாள் கூடுதலாக நிற்கிறது என்று யாரோ கிளப்பிவிட, துளசிங்கம் ஐஸ் என்று கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள். என்னைக் கூப்பிடும் பெயரே ‘வெட்டுக்காரரே’ என்று மாறியது. மரியாதையாகத்தான் கூப்பிட்டார்கள். சுமங்கலிகள் ஆடி மாதத்தில் என் சட்டை நுனியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

பிறகு உபயோகித்தார்கள். ஃபைபர் படகு வைத்திருந்த எத்திராஜ் ஒரு நாள் சமாதானமாகப் பேசி என்னைக் கடலுக்குக் கூட்டிப்போனான். ஆழம் வந்ததும் என்னைப் பின்பக்கம் விளிம்பில் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டான். முதுகிலிருந்தும் தொடையிலிருந்தும் ரத்தம் தண்ணீரில் வழிய வழிய, கறுப்பு முதுகுகள் எழும்பி வந்து போட்டைச் சுற்றின. அன்றைக்கு எத்திராஜ் பிடித்த சுறாவை நான்கு பேர் தூக்கவேண்டியிருந்தது. அடுத்த வாரம் எட்டு போட்டுக்காரர்கள் என் வீட்டு வாசலில் நின்றார்கள். வரமாட்டேன் என்றேன். குப்பத்துக்காக ஒரு மனுஷன் இதுகூடச் செய்யக்கூடாதா என்று வருத்தப்பட்டார்கள். உண்மையாகவே வருத்தப்பட்டார்கள், அதுதான் கொடுமை.

மாசித் திருவிழாவில் அந்தப் பாட்டு இல்லாமல் ஆடமாட்டோம் என்று பையன்கள் பிடிவாதம் பிடித்தபோது பஞ்சாயத்து கூடியது. குப்பத்துப் பெரியவர்களான நாட்டார்கள் ஐந்து பேர், இரண்டு மணி நேரம் பேசி, நியாயமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். மூன்று வெட்டுவரைக்கும் போடலாம், நான்காவது தொடங்குமுன் நிறுத்திவிட வேண்டும், வெட்டுக்காரருக்குத் திருவிழாவில் முதல் இளநீர். அந்த இளநீரை வாங்கிக் குடித்தேன். கையிலிருந்து வழிந்தது அதில் கலந்திருந்தது.

நெத்திலி சேகர் அப்போது ஜாமீனில் வெளியே வந்திருந்தான். அவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். ஆட்டோ கூரையில் இரண்டு ஸ்பீக்கர் கட்டி, என் தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தான். கத்தியைத் தொடாமலே என்னை ஒரே பகலில் பதினெட்டுத் தடவை வெட்டினான். கஸ்தூரி உலக்கையோடு ஓடி ஒரு ஸ்பீக்கரை உடைத்தாள். அவன் ஆட்கள் அவள் நெற்றியை உடைத்தார்கள். பத்தொன்பதாவது சுற்றில், கோடவுன் முனையில், சேகருக்கு வேறு ஏதோ பகை வைத்திருந்த மூன்று பேர் ஆட்டோவை மறித்து, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவனை இழுத்துப் போட்டு வெட்டினார்கள். நான் வாசலில் விழுந்து கிடந்தேன், அவன் தெருவில் விழுந்து கிடந்தான். இரண்டு பேருக்கும் ஒரே பாட்டு. என் காயம் மூடியது, அவனுடையது மூடவில்லை. மறுநாள் அவனுக்குத் திருவொற்றியூரிலிருந்து ஒரு கானாக்காரன் வந்தான். சேகர், சேகர், சேகர் என்று தெருமுனைக்குள் மூன்று தடவை பெயரைச் சொல்லி, வெட்டுக்களை எண்ணிக் கொடுத்து, கௌரவமாக அனுப்பிவைத்தான். என் தம்பியைக் கொன்றவனுக்கே பெயர் கிடைத்தது.

தேசப்பன் இதையெல்லாம் பார்க்க ஊரில் இல்லை. துபாயில் பாடினான், கொழும்பில் பாடினான். பனாமாவுக்கே கூப்பிட்டார்கள். யாருடைய தாளத்தைத் தின்று வளர்ந்தானோ அவர்கள் ஊரில் அவர்கள் தாளத்தில் அவர்களுக்குப் புரியாத பாஷையில் பாடி, ஒரு பெண் பாடகியோடு சேர்ந்து ஸ்பானிஷிலும் அதைப் பதிவு செய்தான். முன்பல் நான்கிலும் தங்கம் கட்டிக்கொண்டான். ஒரு தடவை கட்டை இறக்க வந்த கப்பலிலிருந்து இறங்கிய ஒரு சின்ன வயது மாலுமி அந்த ஸ்பானிஷ் பாட்டைத் தன் போனில் போட்டபடி என்னைக் கடந்து போனான். மற்ற சொல்லெல்லாம் மாறியிருந்தது. ‘துலசிங்கா’ என்பது மட்டும் இருந்தது. நான் ஐஸ் மேல் சாய்ந்ததையும் வயிறு திறந்ததையும் பார்த்து அவன் போனை நிறுத்தாமல் அப்படியே மண்டியிட்டு நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். நிறுத்துடா பாவி என்று தமிழில்தான் எனக்குக் கத்தத் தெரிந்தது.

எட்டு வருஷம் அவன் காட்டில் மழை. பிறகு ஒரு ஊரில் மேடைக்குப் பின்னால் எவனையோ பாட்டிலால் அடித்து உள்ளே போனான். வெளியே வந்தபோது அவன் தாளத்தில் அவனைவிட வேகமாகப் பாட இருபது பேர் வந்திருந்தார்கள். புதுப் பாட்டு எதுவும் நிற்கவில்லை. காசிமேட்டுக்குத் திரும்பி வந்தான். மறு வாரமே சுவரெல்லாம் போஸ்டர்: எல் தேசா பாடும் முழுப் பாட்டு, ஏழாவது வெட்டு, முதன்முறையாக, கடற்கரை மைதானத்தில்.

ஏழாவது கழுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். அரியைக் குளிப்பாட்டியவர்கள் பார்த்ததுதான். குப்பத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்கு மட்டும் திண்டிவனத்தில் இருக்கிற உங்கள் மகள் வீட்டுக்குப் போய்விடுங்கள் வெட்டுக்காரரே என்றார்கள். கூட்டத்துக்குப் போகாமல் இருக்கிறோம் என்று ஒருவன்கூடச் சொல்லவில்லை.

பஸ்ஸுக்குப் பையைக் கட்டி வைத்திருந்தேன். அப்போதுதான் தேசப்பன் வீட்டுக்கு வந்தான். தரையில் உட்கார்ந்து கஸ்தூரி வைத்த சங்கரா மீன் குழம்பைச் சாப்பிட்டான். பல்லில் தங்கம் தேய்ந்து கீழே இருக்கிற பழைய பல் தெரிந்தது.

“போவாத அண்ணாத்த,” என்றான். “நாளிக்கு மேடைல அரி பேருதான். பதினோரு வருஷமா முதுகுல தூக்கினு அலையறேன். உன் எதிர்ல எறக்கி வெக்கணும்.”

“தாளத்துல உக்காராதுன்னியே.”

“உக்கார வெக்கறேன்.”

கஸ்தூரி பாத்திரத்தை எடுத்துக்கொண்டே, “நம்பாதய்யா, இவன் சாப்புடும்போதே பொய் சொல்லுவான்,” என்றாள். அவன் சிரித்தான். நான் பையை அவிழ்த்தேன். அவன் சத்தியத்தை நம்பி இல்லை. என் தம்பி பெயர் பாட்டில் ஒலிக்கும்போது நான் திண்டிவனத்தில் உட்கார்ந்திருக்கக்கூடாது. ஒரு தடவை இருபதடி தள்ளி நின்றது போதும்.

மறுநாள் சாயங்காலம் வெயில் தணியுமுன்பே மைதானம் நிரம்பியது. எனக்கு மேடைக்கு எதிரே முதல் வரிசையில் நாற்காலி போட்டு, பக்கத்தில் இரண்டு வாளியும் துண்டும் வைத்திருந்தார்கள். எல்லாம் ஏற்பாடாக இருந்தது. தும்-த-தும்-தக என்று தாளம் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. தேசப்பன் மைக்கை வாயோடு ஒட்டிக்கொண்டு, முதல் வெட்டு வலது தோளு என்று ஆரம்பித்தான். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். துளசிங்கம் என்றான்.

தோள் திறந்தது. தவறி வந்திருக்கும் என்று நினைத்தேன், பழக்க தோஷம், அடுத்த வரியில் மாற்றிவிடுவான். இரண்டாவது வெட்டு, துளசிங்கம். மூன்றாவது வெட்டு, துளசிங்கம். பத்தாயிரம் பேர் கூடச் சேர்ந்து சொன்னார்கள், என் பெயர் கடல்மேல் போய் அடித்துத் திரும்பி வந்தது, முதுகு இரண்டாகப் பிளந்தது, தொடை எலும்பு தெரிந்தது, காது கன்னத்தில் தொங்கியது. கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்து என்னையும் அவனையும் மாறி மாறிப் படம் எடுத்தது. ஆறாவதில் வயிறு திறந்தபோது துண்டால் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், குடல் கைக்குச் சூடாக இருந்தது. தேசப்பன் கையை உயர்த்தினான். தாளம் நின்றது. ஏழாவதுக்காக அவன் மூச்சு இழுப்பது ஸ்பீக்கரில் கேட்டது. அவன் என்னைத்தான் பார்த்தான்.

எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. படியெல்லாம் என் ரத்தத்தில் வழுக்கியதை அப்புறம் கோர்ட்டில் சொன்னார்கள். அவன் வாய் திறந்திருந்தது. மைக்கை அவன் கையோடு சேர்த்துப் பிடித்து அந்த வாய்க்குள் திணித்தேன். ஐஸ் பாரை ஒரே குத்தில் பிளக்கிற கை இது. தங்கப் பல் உடைவது பத்தாயிரம் பேருக்கும் கேட்டது. அதற்கப்புறம் உள்ளே ஏதோ நொறுங்குவது கேட்டது, பிறகு ஈரமான ஒரு சத்தம், பிறகு ஸ்பீக்கரில் ஒன்றும் கேட்கவில்லை. நான் கையை எடுக்கவில்லை. நாலு பேர் சேர்ந்துதான் எடுத்தார்கள். பாட்டு முடிந்துவிட்டதால் என் காயங்கள் மூடிக்கொண்டன. மேடையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது அவனுக்கு மட்டும்தான்.

அவன் பிழைத்தான். கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விடவைத்தார்கள். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஏழு வருஷம் கொடுத்தார்கள். ஜெயிலிலும் அந்தப் பாட்டு உண்டு. வார்டர் போனில் போட்டால் பிளாக்கே கம்பியில் தட்டி ஆடும். என்னைப் பார்த்ததும் முதல் வெட்டோடு நிறுத்திவிடுகிறார்கள், நல்லவர்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் தேசப்பன் மனு போட்டு என்னைப் பார்க்க வருகிறான். கஸ்தூரி வருவதைவிட அதிகமாக அவன் வருகிறான். முதல் தடவை ஒரு பேப்பரில் எழுதிக் கொண்டுவந்து கம்பிவலையில் ஒட்டிக் காட்டினான். ஏழாவதில் அரி பேரைத்தான் வைத்திருந்தேன், கடைசி வெட்டு அவனுக்கு என்று தாளத்தை அதற்காகத்தான் நிறுத்தினேன் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டி நான் படித்து முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. நம்பவில்லை. கஸ்தூரி சொன்னது சரி. பேப்பரிலும் பொய் எழுதலாம். பேப்பரில் பெயர் எழுதுவதற்கு நான் பதினோரு வருஷம் ரத்தம் விடவில்லை, பாட்டில் சொல் என்றேன். அவன் வாயைத் திறந்தான். கழுத்து ஓட்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

போன வாரம் பேப்பர் இல்லாமல் வந்தான். நெற்றியை வலையில் சாய்த்துக்கொண்டு, இரண்டு விரலால் மரப்பலகையில் தட்ட ஆரம்பித்தான். தும்-த-தும்-தக. அதே தாளம்தான், ஆனால் வரி முடிகிற இடத்தில் நான் இதுவரை கேட்காத ஒரு வளைவு இருந்தது. அங்கே விரலைத் தூக்கி, ஒரு பெயர் நுழைகிற அளவுக்கு இடம் விட்டு, திரும்பப் பிடித்தான். மூன்று தடவை அப்படி இடம் விட்டான். மனதுக்குள் வைத்துப் பார்த்தேன். அரிகிருஷ்ணன். நொண்டவில்லை, பள்ளம் விழவில்லை, சொந்த வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தது. எத்தனை வருஷமாக அது அவனிடம் இருந்தது என்று தெரியாது.

நாலாவது தடவை இடம் விட்டபோது விரலைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் என் தம்பி தன் ஏழு வெட்டையும் எடுத்துக்கொண்டு போயிருப்பான், எனக்குத் தெரியும்.

சொல்லவில்லை. நான் ஐஸ் உடைக்கிறவன், பாடுகிறவன் இல்லை. அது அவன் பாடவேண்டியது. எழுந்து உள்ளே வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வருவான்.